வெற்றிக்கு முந்தைய செலவு

2024 ஜனவரியில் மெல்போர்னில் நடைபெற்ற ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் போட்டியில், உலகத் தரவரிசையில் 137-ஆம் இடத்தில் இருந்த சுமித் நாகல், கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்ற நேர் செட்களில் வென்றார். அத்தொடரின் முன்னணி வீரர் பட்டியலில் பப்ளிக்குக்கு 31-ஆம் இடம் வழங்கப்பட்டிருந்தது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் அத்தகைய வீரரை ஓர் இந்தியர் வென்று 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1989-இல் இதே போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டரைச் சென்னையைச் சேர்ந்த ரமேஷ் கிருஷ்ணன் வீழ்த்தியிருந்தார்.

நாடே அந்த வெற்றியைக் கொண்டாடியது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அதற்கு முன்பு நாகல் மூன்று தகுதிச் சுற்று ஆட்டங்களை வென்றாக வேண்டியிருந்தது. அவற்றை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 செப்டம்பரில், தம் வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 900 யூரோ, அதாவது சுமார் 80 ஆயிரம் ரூபாய் மட்டுமே இருப்பதாக அவர் செய்தியாளரிடம் கூறியிருந்தார். சர்வதேசப் போட்டிகளில் தொடர்ந்து பங்கேற்க அவருக்கு ஆண்டுக்கு 80 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் தேவைப்பட்டது. விமானக் கட்டணம், விடுதி வாடகை, பயிற்சியாளர் ஊதியம் ஆகியவை மாதந்தோறும் வந்து நிற்பவை. பரிசுத் தொகையோ வென்றால் மட்டுமே வருவது. மெல்போர்னில் இரண்டாம் சுற்றை எட்டியதற்குக் கிடைத்த 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், வரிக்கு முன், அவருடைய ஓராண்டுச் செலவுக்கு ஏறத்தாழ ஈடானது. ஓராண்டு உழைப்பின் கணக்கு ஒரு வாரத்து ஆட்டங்களில் தீர்ந்தது எனலாம்.

வெற்றி பெற்ற பின்னர் வரும் பாராட்டும் விளம்பர ஒப்பந்தமும் வரவேற்கத்தக்கவையே. எனினும் உதவி மிகவும் தேவைப்படும் காலம் அதற்கு முந்தையது. வெற்றி பெறுவாரா என்று அறியாமல் எவ்வாறு உதவுவது என்று சிலர் வினவலாம். பயிர்க் கடன் விதைக்கும் பருவத்தில்தான் வழங்கப்படுகிறது. அறுவடை முடிந்த பின்னர் அன்று. எல்லா விதையும் முளைப்பதில்லை என்பதற்காக எவரும் விதைப்பதை நிறுத்துவதில்லை. விளையாட்டுச் சங்கங்களும் நிறுவனங்களும் முதல் 100 இடங்களுக்கு வெளியே உள்ள வீரர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சீரான உதவித்தொகையை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும் என்பதே நமது கருத்து.

இரண்டாம் சுற்றில் முதல் செட்டை வென்றும், சீனாவின் ஷாங் ஜுன்செங்கிடம் நாகல் தோல்வியுற்றார். ஆயினும் அடுத்த மாதமே சென்னை நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற சேலஞ்சர் போட்டியில் பட்டம் வென்று, தரவரிசையில் 98-ஆம் இடத்திற்கு உயர்ந்தார்.

பொருளுதவி நிறுவனங்களின் கடமை எனில், பார்வையாளராக வருவது நமது பங்கு. அடுத்த முறை நம் நகரில் இத்தகைய போட்டி நடைபெறும்போது, இறுதி ஆட்டம் வரை காத்திராமல், தகுதிச் சுற்று நாளிலேயே அரங்கிற்குச் செல்வோம்.