இரவு வெப்பத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

1901 முதல் பதிவான ஆண்டுகளில் இந்தியாவில் மிக வெப்பமானது 2024 என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. 1991-2020 சராசரியைவிட 0.65 டிகிரி அதிகம். 'இவ்வளவுதானா!' என்றே தோன்றும். பிரித்துப் பார்த்தால் பகல் உச்சம் 0.20 டிகிரிதான் கூடியிருக்கிறது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையோ 0.90 டிகிரி.

மா பூக்க மார்கழி, தை இரவுகள் குளிர வேண்டும். ராஜபாளையம் சப்பட்டை மாவுக்கும் அதே கணக்குதான். நாளிதழ்களோ சித்திரை வெயில் சதமடித்தால் மட்டும் கொட்டை எழுத்தில் போடுகின்றன. மலையடிவாரத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரவு வெப்பநிலையைத் தினமும் அளந்து, பல ஆண்டுப் பதிவாக விவசாயிகளுக்குத் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மதுரையில் அளக்கும் வெப்பநிலை எங்கள் மாந்தோப்புக்குப் பொருந்தாது.

- ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்