"பிரஷர்" என்றால் எந்த பிரஷர்?

பெங்களூருவில் "பிரஷர்" என்ற ஆங்கிலச் சொல் புழங்காத தமிழர் வீடு இல்லை என்றே சொல்லலாம். காலையில் விசில் அடிப்பது பிரஷர் குக்கர். மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக விழுந்தால், "பிரஷர் இல்லை". அலுவலகத்தில் வேலை மிகுந்தால், "ஒரே பிரஷர்". தினமும் மாத்திரை விழுங்கும் பெரியவருக்கும் "பிரஷர்". இவை எல்லாம் ஒன்றா?

அமுக்குதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லில் பிறந்தது இது. துணி தேய்ப்பதற்கும் பத்திரிகைத் துறைக்கும் வழங்கும் "பிரஸ்" என்பதும் அதே குடும்பம்தான். ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் துணைச் சொல்லோடு வரும். இரத்தத்தின் பிரஷர், காற்றின் பிரஷர், வேலையின் பிரஷர் என்று பிரித்துச் சொல்வார்கள். தமிழர் பேச்சில் துணை உதிர்ந்துவிட்டது, குழப்பம் புகுந்துவிட்டது.

விஞ்ஞானத்தில் இது அளந்து சொல்லக்கூடிய ஒன்று. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கிறது. சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூருவில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கருக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால், கொதிநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. பருப்பு விரைவில் வேகிறது.

உடலிலும் அப்படியே. இரத்தம் குழாய்களின் சுவரை அழுத்தும் அளவே இரத்த அழுத்தம். அது எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் உயிரே இல்லை! 120/80 என்ற அளவு நல்லது. பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உயர் இரத்த அழுத்தம். டாக்டர்கள் இதை "ஹைப்பர்டென்ஷன்" என்கிறார்கள். அதிலுள்ள "டென்ஷன்" மனக்கவலையைக் குறிப்பதல்ல.

விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. மகளின் கல்யாணம் முடிகிறது, கடன் அடைகிறது. "இனி எனக்கு ஏது பிரஷர்?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கவலையால் அழுத்தம் சற்று ஏறலாம் என்பது உண்மையே. ஆனால் உப்பு, உடல் பருமன், வயது, பரம்பரை ஆகியவையும் காரணங்கள். இவை கல்யாணத்தோடு போய்விடுவதில்லை. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலே இந்நோய் வளர்ந்து, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று கொண்டுபோய் விடக்கூடும்.

பொதுவாழ்வில் இச்சொல் வேறொரு வேலை செய்கிறது. "மேலிடத்து பிரஷர்" என்று ஓர் அதிகாரி சொன்னால், யார் என்ன செய்தார் என்பது மறைந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டார்களா, வற்புறுத்தினார்களா, மிரட்டினார்களா? தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. வேலை மிகுந்தால் நெருக்கடி. மனம் நொந்தால் உளைச்சல். வேறு வழியில்லாவிட்டால் நிர்ப்பந்தம்.

தமிழ்ச் சொல் வாயில் நுழையாது என்பது வீண் சாக்கு. "காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்பது எவ்வளவு நீளமான தொடர்! மழைக்காலத்தில் வானொலி கேட்கும் குடியானவரும் அதைத் தடங்கலின்றிச் சொல்கிறாரே! கன்னடர்களும் அழுத்தத்தை "ஒத்தட" என்றும், இரத்த அழுத்தத்தை "ரக்ததொத்தட" என்றும் எழுதுகிறார்கள். அடிபட்ட இடத்தில் அழுத்திக் கொடுக்கும் தமிழ் "ஒத்தடம்" அதற்கு உறவுதான்.

நாக்கில் ஊறிவிட்ட சொல்லை விரட்டியடிக்க வேண்டியதில்லை. குக்கரோடு அது சௌக்கியமாக இருக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் "பிரஷர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "அளவு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒரு சொல்லின் மயக்கம் தீர்மானிக்கக் கூடாது.