பட்டிக்கும் ஒரு விளக்கு வேண்டும்

கொங்கு நாட்டில் கிணற்றுக்கு மின்சாரம் உண்டு; பட்டிக்கு இல்லை. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970-களில் கோவை மாவட்ட விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்து மாட்டு வண்டிகளோடு வீதிக்கு வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் கிணறே இல்லாத மானாவாரி விவசாயிக்கும், செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குக் காடு பட்டி போடும் ஆட்டுக்காரருக்கும் அந்த மின்சாரத்தால் ஒரு விளக்குகூட எரியவில்லை. இன்று படல்போல மடக்கி எடுத்துச் செல்லும் சோலார் தகடுகள் கடைகளுக்கு வந்துள்ளன. இவை யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை விவசாயிகள் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அரசின் மானியமும் இவற்றின் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து.

இருட்டில் நடக்கும் இழப்பு

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி அடைத்த கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை மேயும் ஆடுகள்தான் பல குடும்பங்களுக்குக் கைமுதல். மழை பொய்த்து வெள்ளாமை போனாலும் நாலு ஆட்டை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். இரவில் இந்த ஆடுகள் வீட்டிலிருந்து தள்ளியுள்ள காட்டில் பட்டியில் அடைபடுகின்றன. 2024, 2025 ஆண்டுகளில் இப்பகுதிகளிலும் சென்னிமலைப் பக்கத்திலும் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் எல்லோரும் அறிந்த செய்தி.

விளக்கு ஒன்றே நாயைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உயரமான வலையும், இடைவெளி இல்லாத படலும், அருகில் ஆளும் வேண்டும். ஆனால் காவலுக்குப் படுத்திருப்பவர் சத்தம் கேட்டு எழுந்ததும் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தைக் கூப்பிடக் கைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். பாம்பு, தேள் மேல் கால் வைக்காமல் நடக்கவும், நள்ளிரவில் குட்டி போடும் ஆட்டுக்கு உதவவும் கையில் நல்ல டார்ச் வேண்டும். இந்த மூன்றுக்கும் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. மடக்குத் தகட்டின் உண்மையான இடம் இதுதான்.

வாட் கணக்கு

60 வாட் என்று எழுதிய தகடு 60 வாட் தருவதில்லை. அந்த எண் பரிசோதனைச் சாலையில், தகடு 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது எடுத்த அளவு. நம் வெயிலில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். தூசி, வயர், பேட்டரி ஆகியவற்றில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் கைக்கு வருவது சுமார் 40 வாட். தெளிந்த நாளில் நமது பகுதி வெயில் ஏறக்குறைய ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆக, 40-ஐ ஐந்தால் பெருக்கினால் 200 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் இதில் பாதிகூட வராத நாட்கள் உண்டு.

இனிச் செலவைப் பார்ப்போம். 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 12 மணி நேரம் எரிய 60 வாட்-மணி. இன்னொன்று நான்கு மணி நேரம் எரிய 20. இரண்டு கைபேசிகளுக்கு 30. டார்ச்சுக்கு 10, ரேடியோவுக்கு 10. மொத்தம் 130. வரவு 200, செலவு 130 என்பதால் நல்ல வெயில் நாளில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

முதுகில் சுமக்கும் பேட்டரி தெளிப்பானில் 12 வோல்ட், 8 ஆம்பியர் பேட்டரி இருந்தால் அதற்கு 96 வாட்-மணி தேவை. மருந்தடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் தகட்டை இதற்கென்று ஒதுக்கலாம். 20 வாட் மின்விசிறி இரவில் எட்டு மணி நேரம் ஓட 160 வாட்-மணி பிடிக்கும். அது வேண்டுமென்றால் 100 வாட்டுக்கு மேற்பட்ட தகடு தேவை.

மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கிணற்று மோட்டார் ஆகியவற்றை இதில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்குச் சுமார் 5,000 வாட் தகடு வேண்டும். அதற்கு 100 வாட் மடக்குத் தகடுகள் ஐம்பதை விரிக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடித் தகடா, மடக்குத் தகடா?

என் ஆலோசனை எளிது. பொருள் நகர்ந்தால் மடக்குத் தகடு. பொருள் நகராவிட்டால் கண்ணாடித் தகடு.

தோட்டத்துச் சாளைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ மடக்குத் தகடு வாங்குவது வீண் செலவு. கண்ணாடித் தகட்டுக்கு நல்ல கம்பெனிகள் 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகின்றன. மடக்குத் தகட்டில் கண்ணாடி கிடையாது. துணியின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதனடியில் சிலிக்கான் வில்லைகளை வைத்துத் தைத்திருப்பார்கள். உத்தரவாதம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்தான். மடிப்பில் உள்ள வயர் நாளடைவில் நைந்துபோகும். இவ்வளவுக்கும், வாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பார்த்தால் கண்ணாடித் தகட்டைவிட இதன் விலை பல மடங்கு.

பிறகு ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். அறுவடையான காட்டில் சில இரவுகள் பட்டி போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போகும் ஆட்டுக்காரர் கம்பம் நட்டுக் கண்ணாடித் தகடு மாட்ட முடியாது. ஆளில்லாத கொரங்காட்டில் நட்டு வைத்தால் திருட்டுப் பயமும் உண்டு. மடக்குத் தகட்டைக் காலையில் விரித்து மாலையில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். நிலக்கடலை, மக்காச்சோளத்துக்குச் சில வாரங்கள் மட்டும் காவல் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

புயல் காலத்திலும் இதன் அருமை தெரியும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டில் இருந்த கிராமங்கள் உண்டு. நம் பக்கம் அப்படிப்பட்ட புயல் அபூர்வம் என்றாலும், சித்திரை, வைகாசிக் கோடை மழைக் காற்று வாழையைச் சாய்க்கும்போது மின்கம்பத்தையும் சேர்த்தே சாய்க்கிறது.

நம் ஊர் வெயிலும் காற்றும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றின் வேகம் உடுமலை, பல்லடம் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. நான்கு மூலையிலும் உள்ள வளையங்களில் கயிறு கட்டி முளைக்குச்சி அடிக்காமல் தகட்டை விரித்தால் அது பட்டமாகப் பறந்துவிடும்.

தகட்டை எப்போதும் தெற்குப் பார்த்துச் சாய்த்தே வைக்கச் சொல்வார்கள். கோவை 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தகட்டை ஏறக்குறையப் படுக்கையாகவே விரிக்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிவிடுவதால் தெற்கு நோக்கி 30 டிகிரிக்குக் குறையாமல் சாய்க்க வேண்டும்.

நிழல் பெரிய எதிரி. வில்லைகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால் ஒரு தென்னங்கீற்றின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் விரிப்பதில் பயனில்லை, வெட்டவெளி வேண்டும். சூடேறிய பாறை, தகரம் ஆகியவற்றின் மேல் போடாமல், அடியில் காற்றோட்டம் இருக்கும்படி படலில் சாய்த்து வையுங்கள். பேட்டரியையும் பவர்பேங்க்கையும் வெயிலில் வைக்கவே கூடாது. அவை நிழலில் இருக்க வேண்டும்.

காலையில் தகடு சூடேறும் முன் ஈரத் துணியால் துடைக்கவும். உப்பான போர்த் தண்ணீர் வெள்ளைப் படிவத்தை விட்டுவிடும் என்பதால் மழைநீரோ குடிநீரோ நல்லது. ஆடுகள் வயரைக் கடிக்கும். ஆகவே தகட்டைப் பட்டிக்கு வெளியே, ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

வாங்கும்போது கவனிக்க

1. தகட்டின் விலையை அதன் வாட் எண்ணால் வகுத்து, இரண்டு கடைகளிலாவது ஒப்பிடுங்கள்.

2. சிறிய தகடுகள் சிலவற்றில் கைபேசிக்கான யு.எஸ்.பி. முனை மட்டுமே இருக்கும். அதில் தெளிப்பான் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது.

3. 12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கும் தகட்டிலிருந்து வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேலேயே வரும். இடையில் சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாமல் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் பேட்டரி கெட்டுவிடும்.

4. பவர்பேங்க்கில் 20,000 என்று பெரிதாக எழுதியிருப்பது மில்லி ஆம்பியர்-மணி. உள்ளே இருப்பது 3.7 வோல்ட் என்பதால் அது 74 வாட்-மணிதான். மேலே சொன்ன 130 வாட்-மணி செலவுக்கு அது போதாது.

5. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், கனமும் அதிகம். சுமந்து செல்பவருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதான் ஏற்றது. 12 வோல்ட், 20 ஆம்பியர் அளவு இருந்தால் ஏறக்குறைய இரண்டு இரவுகள் தாங்கும்.

6. தகட்டை வெயிலில் விரித்து, வாட் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தகட்டையோ பேட்டரியையோ கொண்டு நீங்களாக வேலியில் மின்சாரம் பாய்ச்ச முற்படாதீர்கள். சோலார் வேலிக் கருவி தனி. அது விட்டுவிட்டு மிகச் சிறு நேரமே மின்துடிப்பைத் தரும்படி செய்யப்பட்டது. மின்வேலிகளுக்கென 2023-இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்துள்ளது. தடாகம், மதுக்கரை, காரமடை போன்ற மலையோரப் பகுதி விவசாயிகள் வனத்துறையைக் கேட்டுக்கொண்டே வேலி போட வேண்டும்.

மானியம் யாருக்கு?

2019-இல் வந்த பி.எம். குசும் திட்டம் சோலார் பம்புசெட்டுக்கு மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யகர் திட்டம் மின்இணைப்புள்ள வீட்டின் கூரைக்கு, மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் தருகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் முன்னதற்குக் கிணறோ போரோ வேண்டும். பின்னதற்குக் கூரையும் மின்இணைப்பும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் இரவைக் கழிப்பவருக்கு, பம்புசெட்டுக்குத் தரும் மானியத்தில் ஒரு சிறு துளி போதும். அந்தத் துளிக்கு வழி இல்லை.

நடக்காததை நான் கேட்கவில்லை. மங்கோலியா நாட்டில் மேய்ப்பர்கள் ஆடு, குதிரைகளோடு கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள். அந்நாட்டு அரசு ஒரு லட்சம் கூடாரங்களுக்குச் சூரிய விளக்கு என்ற திட்டத்தைத் தொடங்கி, பிற்பாடு உலக வங்கியின் உதவியையும் பெற்று, தூக்கிச் செல்லும் சோலார் தொகுப்புகளை மானிய விலையில் கொடுத்தது. 2012-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேய்ப்பர் குடும்பங்கள் அவற்றைப் பெற்றன. பொருளைக் கொடுத்ததோடு நில்லாமல், விற்கவும் பழுது பார்க்கவும் ஊர்ப்புறங்களில் நிலையங்கள் திறந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம். பழுது பார்க்க ஆளில்லாமல் இலவசமாகக் கொடுக்கும் பொருள் ஆறு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

நம் ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன; கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. தரம் பார்த்த ஒரு தொகுப்பை, அதாவது 60 வாட் தகடு, கண்ட்ரோலர், பேட்டரி, இரண்டு விளக்கு, ஒரு டார்ச் ஆகியவற்றைச் சங்கத்தின் மூலம் பாதி மானியத்தில் கொடுக்கலாம். பட்டாவும் மின்இணைப்பு எண்ணும் கேட்காமல், ஆடு வளர்ப்பவர் என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றே போதும் என்று வைக்க வேண்டும். சில வாரக் காவலுக்கு மட்டும் தேவைப்படுவோருக்கு, டிராக்டரை வாடகைக்குக் கொடுப்பதுபோல் இதையும் வாடகைக்குக் கொடுக்கலாம். வட்டாரத்துக்கு இரண்டு இளைஞர்களுக்குப் பழுது பார்க்கப் பயிற்சி அளித்தால் அவர்களுக்கும் ஒரு பிழைப்பாகும்.

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாய்க்கடிக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுக்கிறோம். செத்த ஆட்டுக்குப் பணம் கேட்பது நியாயம்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, உயிரோடிருக்கும் ஆடுகளின் பட்டிக்கு ஒரு விளக்கும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.