தானா இன்ஸ்டால் ஆகும், தானா அப்டேட் ஆகாது



போன எபிசோட்டில விண்டோஸ் 10 பற்றிக் கதைக்கேக்க ஒரு வசனத்தைச் சொல்லிட்டு அப்பிடியே தாண்டிப் போயிட்டன். "தானா இன்ஸ்டால் ஆகிற பென் டிரைவ் செய்து வைச்சிருக்கிறவை, அதுக்குள்ளயே அப்டேட்டையும் போட்டு வையுங்கோ" எண்டு. அதுக்குப் பிறகு வந்த கேள்வியளில பாதி இதைப் பற்றித்தான். ஏன் அவ்வளவு கஷ்டப்படவேணும், நெட்டில போட்டா விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும்தானே? நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பிரான்காச்சோவில பட்டுத்தான் படிச்சன்.

பலெர்மோவுக்கு வெளியில இருக்கிறவைக்கு: பிரான்காச்சோ நகரத்தின்ர தென்கிழக்குப் பக்கம். இத்தாலிக்காரரிட்டக் கேட்டா மாஃபியா, 1993இல சுட்டுக் கொல்லப்பட்ட பினோ புலீசி பாதிரியார், இந்த ரெண்டையும்தான் சொல்லுவினம். எனக்கு அது தெரிஞ்ச அண்ணா ஒராளின்ர ஸ்டோர் இருக்கிற இடம். ஒரு ஒஃபிஸில இருந்து கழிச்சு விட்ட 18 லப்டொப் அங்க வந்து இறங்கினது. எங்கட சனத்துக்குக் குடுக்கிறதுதான் திட்டம்: படிக்கிற பிள்ளையள் இருக்கிற வீடுகளுக்கு முதல்ல.

நான் என்ர பென் டிரைவோட போனன். அதில எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விண்டோஸ் 10, 22எச்2, 2022 நவம்பரில செய்தது. அதுக்குள்ள ஒரு பதில் ஃபைல், அதாவது இன்ஸ்டால் ஆகேக்க கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைச்ச எக்ஸ்எம்எல் ஃபைல். எந்த மொழி, எந்தக் கீபோர்ட், டிஸ்க்கை எப்பிடிப் பிரிக்கிறது, ஆற்ற பேரில அக்கவுண்ட். பென் டிரைவைக் குத்திப்போட்டுப் போய்க் கோப்பி குடிச்சிட்டு வந்தா டெஸ்க்டொப் ரெடி. உண்மையாவே வேலை செய்தது.

பிரச்சினை டெஸ்க்டொப் வந்த பிறகுதான். ஸ்டோரில இருந்தது ஒரு 4ஜி ரவுட்டர், டேட்டா அளவு வைச்ச சிம். ரெண்டு வருசத்துக்கு மேல பழைய விண்டோஸ் பதினெட்டும் ஒரே நேரத்தில அப்டேட் இழுக்கத் தொடங்கிச்சுது. ஒவ்வொண்டுக்கும் நூற்றுக்கணக்கான எம்பி. மத்தியானத்துக்கு முதல் சிம் முடிஞ்சுது. அப்பத்தான் நான் "புத்திசாலித்தனமா" ஒரு வேலை செய்தன். பதில் ஃபைலுக்குள்ள ஒட்டோ அப்டேட்டை நிப்பாட்டுற ஒரு வரியைச் சேர்த்துப்போட்டு எல்லாத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணினன். குடுக்க முதல் அந்த வரியை எடுத்துவிடலாம் எண்டு நினைச்சன்.

எடுக்கேல்ல. மறந்தே போனன்.

நாலு மாசம் கழிச்சு ஒரு அன்ரி தன்ர மகனின்ர லப்டொப்பைக் கொண்டு வந்தா. "தம்பி, இது சுத்திக்கொண்டே நிக்குது, ஒருக்காப் பாரன்." சுத்தினதுக்குக் காரணம் டிஸ்க். அது வேற கதை. ஆனா அப்டேட் பக்கத்தைத் திறந்தா ஒண்டுமே இல்ல. 2022 நவம்பரோட நிண்டுபோன விண்டோஸ். அந்த லப்டொப்பில மகன் கேம் விளையாடினவர், அதே லப்டொப்பில அன்ரி ஸ்பிட்டால உள்ள போய் ஐஎன்பிஎஸ் பக்கம் பார்த்திருக்கிறா, பேங்கும் பார்த்திருக்கிறா. வீட்டு வேலை செய்யிற ஒரு மனுசியின்ர இத்தாலி வாழ்க்கை முழுக்க அந்த ரெண்டு பாஸ்வேர்டுக்குள்ளதான் இருக்கு. ஒண்டும் நடக்கேல்ல. ஆனா அது என்ர கெட்டித்தனத்தால இல்ல.

இதில என்ர கருத்து இதுதான்: தானா இன்ஸ்டால் ஆகிற ஒரு இமேஜை மற்றவைக்காகச் செய்யிற ஆள், அதுக்குள்ள அப்டேட்டையும் போடுறதுக்குப் பொறுப்பு. ஒரு லப்டொப்பைக் கையால இன்ஸ்டால் பண்ணினா நீங்கள் முன்னுக்கு இருக்கிறீங்கள், ஏதும் பிழைச்சாக் கண்ணில படும். பதில் ஃபைல் உங்கட பிழையையும் சத்தம் போடாமல் 18 தரம் திரும்பச் செய்யும்.

இது புதுப் பிரச்சினையும் இல்ல. 2003 ஜூலை 16இல மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் வெளியிட்டது. ஒரு மாசம்கூட ஆக முதல், ஓகஸ்ட் 11இல, அந்த ஓட்டைக்குள்ளால பிளாஸ்டர் புழு பரவிச்சுது. எங்களில மூத்தவைக்கு ஞாபகம் இருக்கும்: 60 செக்கனில கம்ப்யூட்டர் நிக்கப்போகுது எண்டு ஒரு பெட்டி வரும், எண்ணி முடியும், நிக்கும். கொடுமை என்னெண்டா, எக்ஸ்பி சீடியில இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணி, அந்த அப்டேட்டை எடுக்க எண்டு நெட்டில போட்டா, அப்டேட் வந்து சேர முதல் புழு வந்திடும். அடுத்த வருசம் சான்ஸ் நிறுவனத்தின் இன்டர்நெட் ஸ்டோர்ம் சென்டர் கணக்குப் பார்த்தபோது, பாதுகாப்பில்லாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் நெட்டில் தாக்குப்பிடிக்கும் நேரம் சராசரியாக 20 நிமிடமளவில்தான் இருந்தது.

அந்தக் காலத்துப் பெடியள் கண்டுபிடிச்ச வழிதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். சர்வீஸ் பேக்கை சீடியின்ர ஃபைல்களோடயே கலந்து புது சீடி எரிக்கிறது. அப்ப இன்ஸ்டால் முடியேக்கயே ஓட்டை அடைபட்டிருக்கும். என்லைட் எண்ட சின்ன மென்பொருளை வைச்சு அதைச் செய்தவை, அதோட பதில் ஃபைலையும் சேர்த்துப் போட்டவை. ரெண்டும் ஒண்டாத்தான் வளர்ந்தது. எங்கட தலைமுறை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிட்டுது.

இப்ப 20 நிமிசம் எண்டு பயப்பிடத் தேவையில்ல. வீட்டு ரவுட்டர் ஒண்டு முன்னுக்கு நிக்குது, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல இருந்து விண்டோஸின்ர ஃபயர்வோலும் வரும்போதே ஓனாத்தான் இருக்கு. இப்பத்த ஆபத்து மெதுவா வாறது, திறக்கிற பக்கத்தால, வாற பிடிஎஃப் ஆல. இல்லாட்டி ஒரே நெட்வொர்க்கில இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரால. வோனாகிரை 2017 மே 12இல வந்தது. அதுக்கான அப்டேட் மார்ச் 14இலயே வந்திட்டுது. இடையில 59 நாள். லண்டனில இருக்கிற மச்சான்மாரிட்டக் கேட்டுப் பாருங்கோ: இங்கிலாந்தில என்எச்எஸ் ட்ரஸ்டுகளில மூண்டில ஒரு பங்கு பாதிக்கப்பட்டது.

பலெர்மோவுக்கும் ஒரு அனுபவம் இருக்கு. 2022 ஜூன் தொடக்கத்தில கொமூனேயின்ர கம்ப்யூட்டர் அமைப்புத் தாக்கப்பட்டு, எல்லாத்தையும் நிப்பாட்டி நெட்வொர்க்கில இருந்து பிரிச்சு வைச்சவை. ஒன்லைன் சேவை ஒண்டும் இல்ல, பழைய நகரத்துக்குள்ள கார் கொண்டு போற செட்டிஎல் பாஸ் எடுக்கேலாது, கடைசியில ஃபேக்ஸ். வைஸ் சொசைட்டி எண்ட கும்பல் தாங்கள்தான் செய்தது எண்டு உரிமை கோரினது. அதே கும்பல் 2021இல பிரிண்ட்நைட்மேர் எண்ட பிரிண்டர் ஓட்டையைப் பாவிச்சதை சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்தவை. மைக்ரோசாஃப்ட் அதுக்கு அப்டேட் குடுத்தது 2021 ஜூலையில. கொமூனேக்குள்ள அந்த வழியாலதான் வந்தவை எண்டு நான் சொல்ல வரேல்ல. பூட்டு ஏற்கெனவே கடையில இருக்கிற ஓட்டையளைத் தேடித் திரியிறதுதான் இப்பிடியான கும்பல்களின்ர தொழில், அதைச் சொல்லத்தான் வந்தன்.

சரி, செய்யிறது எப்பிடி? ஒரே ஒரு லப்டொப் எண்டா இந்தக் கட்டுரையை மறந்திட்டு மைக்ரோசாஃப்ட் பக்கத்தில புது ஐஎஸ்ஓவை இறக்குங்கோ, போதும். பத்து, பதினைஞ்சு மெஷின், நெட் சரியில்லாத இடம் எண்டாத்தான் இந்த வேலை. விண்டோஸோடயே வாற டிஸ்ம் எண்ட கட்டளை போதும், வேற ஒண்டும் வாங்கத் தேவையில்ல. ஐஎஸ்ஓக்குள்ள இருக்கிற இன்ஸ்டால் விம் ஃபைலை ஒரு ஃபோல்டரில மவுண்ட் பண்ணி, அப்டேட் கட்டலொக்கில இறக்கின கடைசி மாச அப்டேட்டைச் சேர்த்து, சேவ் பண்ணி மூடுறது. அப்டேட் திரட்டாகத்தான் வாறது, அதால பழைய மாசமெல்லாம் தேவையில்ல. விண்டோஸ் 11, 24எச்2இல இருந்து செக்பொயிண்ட் எண்டு ஒரு இடைப்பட்ட அப்டேட்டும் இருக்கு, அதையும் அதே ஃபோல்டரில போட்டு வைச்சா டிஸ்ம் தானா எடுத்துக்கொள்ளும். மீடியா கிரியேஷன் டூல் தாற ஈஎஸ்டி ஃபைலில நேரா சேர்க்கேலாது, விம் ஆக மாத்தவேணும். என்னை ஒரு பின்னேரம் முழுக்கக் குழப்பினது இன்னொண்டு: அப்டேட் சேர்த்த பிறகு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டும், ஃபேட்32 பென் டிரைவ் அதை ஏத்துக்கொள்ளாது. டிஸ்ம்மாலயே ரெண்டாப் பிரிச்சுப் போடலாம்.

இப்ப எதிர்ப் பக்கம். போன கிழமை ஒரு தங்கச்சி சரியாகக் கேட்டவ: "அண்ணா, சேர்த்த அப்டேட்டே பிழை எண்டா?" நடந்திருக்கு. 2024 ஒக்டோபர், நவம்பர் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுகளைச் சேர்த்துச் செய்த விண்டோஸ் 11, 24எச்2 பென் டிரைவால இன்ஸ்டால் பண்ணின மெஷின்கள், அதுக்குப் பிறகு வாற பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்காமல் போகலாம் எண்டு மைக்ரோசாஃப்டே டிசம்பரில ஒத்துக்கொண்டது. டிசம்பர் மாத அப்டேட்டோட பென் டிரைவைத் திரும்பச் செய்யச் சொன்னது. அதாவது நல்ல பிள்ளையா எல்லாம் சரியாச் செய்தவைதான் மாட்டுப்பட்டவை. எரிச்சல் வாற விசயம்தான். ஆனா இதை வைச்சு "அப்ப சேர்க்காமலே விடுவம்" எண்டு வாறது பிழை. ஒரு மெஷினில முதல்ல போட்டு, அது அடுத்த அப்டேட்டை ஒழுங்கா எடுக்குதா எண்டு பார்த்த பிறகு மற்றதுகளில கை வைக்கவேணும். நான் அண்டைக்கு ஒரு மெஷினிலயாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தா இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு வகைப் பென் டிரைவ் எங்கட ஆக்களுக்குள்ள சுத்தித் திரியுது, அதைப் பற்றியும் சொல்லவேணும். "லைட்" விண்டோஸ், "அக்டிவேட் பண்ணினது", "அப்டேட் தொல்லை இல்லாதது". அதுவும் தானா இன்ஸ்டால் ஆகும். அந்தப் பதில் ஃபைலை எழுதினது ஆர்? உங்களுக்குத் தெரியாது, குடுத்தவருக்கும் தெரியாது. அப்டேட்டை வெட்டி எறிஞ்சது மட்டும் நிச்சயம். எங்கட அம்மா அப்பாமாருக்கு அது பிடிக்கும், ஏனெண்டா "அப்டேட் எண்டு வந்தா அமத்தாத, பழுதாப் போகும்" எண்டு அவைக்கு ஆரோ ஒருக்காச் சொல்லியிருக்கினம். அந்த ஆரோ பெரும்பாலும் நாங்கள்தான், 14 வயசில.

பதினெட்டில 11 லப்டொப்புக்கு டிபிஎம் 2.0 இல்ல, அதால விண்டோஸ் 11 போடேலாது. விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஐரோப்பாவில இருக்கிறவைக்கு இன்னும் ஒரு வருசம், 2026 ஒக்டோபர் 13 வரை, காசில்லாமல் கிடைக்கும். ஆனா தானா வராது, செட்டிங்கில போய்ப் பதியவேணும், அதுக்கு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும். என்ர பதில் ஃபைல் செய்தது லோக்கல் அக்கவுண்ட். ஆக அதுவும் கையாலதான். அதுக்குப் பிறகு அந்தப் பதினொண்டுக்கும் லினக்ஸ்தான் எண்டு நினைக்கிறன். உபுண்டுவின்ர ஒட்டோ இன்ஸ்டால் ஃபைலில அப்டேட்டுக்கெண்டே ஒரு வரி இருக்கு, ஒண்டும் எழுதாட்டிலும் பாதுகாப்பு அப்டேட்டை எடுக்கும். மறந்துபோற ஆளுக்கு ஏத்த ஏற்பாடு. ஆனா நெட் வேணும், அதால முதல்ல ஸ்டோருக்கு ஒரு நல்ல லைன்.

புதுப் பென் டிரைவில செய்த மாசத்தை மார்க்கரால எழுதி ஒட்டியிருக்கிறன். ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வரும். மூண்டு மாசத்துக்கு மேல பழசான பென் டிரைவை ஆருக்கும் குத்துறதில்ல எண்டு அண்ணாவும் நானும் முடிவெடுத்திருக்கிறம்.

பதினெட்டில பதினைஞ்சு திரும்பி வந்து சரியாக்கிக் குடுத்தாச்சு. மூண்டு இன்னும் வரேல்ல. ஒரு குடும்பம் ஜெர்மனிக்குப் போயிட்டுது, மற்ற ரெண்டும் ஆரிட்ட இருக்கெண்டு பட்டியலில தெளிவில்ல. மூடியில மஞ்சள் ஸ்டிக்கர், அதில 4, 11, 17 எண்ட நம்பர்களில ஒண்டு. உங்கட வீட்டிலயோ தெரிஞ்சவை வீட்டிலயோ கண்டா இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கோ, நான் வந்து பார்க்கிறன். அதுவரைக்கும் அதில பேங்க் பக்கம் திறக்கவேண்டாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ.