பாட்டு கேசட் காத்திருக்கட்டும்



உங்கள் வீட்டுப் பரணில் கேசட் பெட்டி ஒன்று இன்னமும் இருக்கிறதா? பாட்டு கேசட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இணையத்தில் இதைவிடத் தெளிவாகவே கிடைக்கின்றன. நான் கேட்பது, மேலே பேனாவால் 'அம்மா பேசியது', 'பாப்பா மழலை' என்று எழுதி வைத்திருப்பீர்களே, அந்த நாலைந்தைப் பற்றி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்களும் பல வீடுகளில் உண்டு. அவற்றுக்கு வேறு பிரதி ஏது?

அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிடலாம். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு ஒரு கேபிள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அவ்வளவுதான். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. அந்த வசதியுள்ள சிறிய யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின்போது திரையில் தெரியும் ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அறுபது நிமிட கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்களேன்!

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் பக்கம் போனாலும் குரல் அழியாது. நம் ஊர் ஈரத்துக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படித் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சி-120 என்ற 120 நிமிட கேசட்டில் டேப் மிக மெல்லியது, சுலபமாகச் சிக்கிக்கொள்ளும். அதை முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றாதீர்கள்.

இரைச்சலை நீக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. கொஞ்சம் நிதானம் தேவை. அதிகமாக நீக்கினால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். பின்னால் கேட்கும் குக்கர் விசிலும், தெருவில் கூவிப்போகும் கீரைக்காரரும் அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள்தானே? அவர்களை ஏன் துடைக்க வேண்டும்? கை வைக்காத மூலப் பதிவை 'வேவ்' வடிவில் தனியாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்.பி. பிடிக்கும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு பாரமே இல்லை.

யார் பேசுகிறார்கள், எந்த ஊரில், எந்த வருஷம்? இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்குள் முடித்துவிடலாமா?

அன்புடன்,
ஆசிரியர்