எதிரி எந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறான்?

மோதுவதா, அனுசரித்துப் போவதா? விடுதலைச் சிறுத்தைகள் தேர்தல் புறக்கணிப்பைக் கைவிட்டு 1999ல் ஓட்டுக் கேட்டு இறங்கிய நாளிலிருந்து, டீக்கடையிலும் படிப்பு வட்டத்திலும் நாம் இந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம். 'கூட்டணி இல்லாம ஒரு எம்.எல்.ஏ. கூட வர முடியாதுப்பா, யதார்த்தத்தைப் பாரு' என்பார் ஒரு தோழர். 'கழகங்களோட கைகுலுக்குன அன்னைக்கே இயக்கம் செத்துப்போச்சு' என்பார் இன்னொரு தோழர். இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரியும். ஆனால் இருவருக்கும் ஒரு நம்பிக்கை பொது: எதிரி என்பவன் எதிர்க்கட்சியில் இருக்கிறான். அந்த நம்பிக்கைதான் தப்பு.

தொலைவில் போக வேண்டாம். நம்ம விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது கொட்டக்கச்சியேந்தல். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். இந்த நாலு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் 1996ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசம் ஒழுங்காய் ஒரு தேர்தலை நடக்கவிடவில்லை. மனுப்போட எவனும் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. இல்லையென்றால் தாங்களே ஒரு ஆளை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, கையோடு ராஜினாமாக் கடிதம் வாங்குவது. அந்தப் பத்து வருசத்தில் கோட்டையில் தி.மு.க.வும் இருந்தது, அ.தி.மு.க.வும் இருந்தது. சரி, தேர்தலைத் தடுத்தவர்கள் எந்தக் கட்சி? ஒரு கட்சி அல்ல. ஊர்க்கூட்டம் என்று வந்துவிட்டால் கரைவேட்டியின் நிறம் அழிந்துபோய், எல்லாரும் சாதியாக உட்கார்ந்தார்கள். காலையில் ஒருவரையொருவர் திட்டிக் கூட்டம் போடுகிறவர்கள் சாயங்காலம் நமக்கு எதிராக ஒரே பாயில்.

ஆக, நம் கட்சி சென்னையில் எந்தக் கழகத்தோடு உட்கார்ந்தாலும், அந்தக் கழகத்தின் ஊர்க்கிளையில் இருக்கிறவன்தான் கிராமத்தில் நம்மை மறிக்கிறவன். எதிரி நமக்கு எதிர்மேடையில் மட்டும் இல்லை. நம் மேடையிலேயே, நமக்கு ரெண்டு நாற்காலி தள்ளி, சால்வையோடு உட்கார்ந்திருக்கிறான்.

மேலவளவை எடுத்துக்கொள்வோம். ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் துணிந்து நின்று ஜெயித்த குற்றத்துக்காகத் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு என்ன நடந்தது? 2008ல் அண்ணா நூற்றாண்டைச் சொல்லி தி.மு.க. ஆட்சி 3 பேரை விடுதலை செய்தது. 2019ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி அ.தி.மு.க. ஆட்சி 13 பேரை விடுதலை செய்தது. இரண்டு கழகங்களுக்கும் ஆயிரம் சண்டை. இந்த ஒரு காரியத்தில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்! 'யார் கூட இருந்தால் நமக்குப் பாதுகாப்பு' என்று கேட்கிற தோழர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

அப்படியானால் மோதுவது ஒன்றே வழி என்கிறீர்களா என்று மற்றத் தோழர் குதித்து வருவார். அவருக்கும் ஒரு கேள்வி. மோதினால் அடி யார் மேல் விழுகிறது? 1999ல் சிதம்பரத்தில் திருமாவளவன் 2 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கித் தோற்றார். அந்த ஓட்டைப் போட்டதற்காகச் சேரிகளில் குடிசைகள் எரிந்தன. 'அடங்க மறு, அத்து மீறு' என்று சுவரில் எழுதிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். மறுநாள் அதே தெருவழியாக வேலைக்குப் போக வேண்டியவள் அங்கேயே இருக்கிறாள். அவளுக்கு ரேஷன் கார்டும் வேண்டும், புகார் கொடுத்தால் எழுதிக்கொள்கிற போலீஸ் ஸ்டேஷனும் வேண்டும். அதிகாரத்தின் பக்கமே போகமாட்டேன் என்பது நகரத்துப் படிப்பாளிக்குக் கட்டுபடியாகிற வீம்பு.

கழகங்களை விட்டு விலகி நின்றதையும் பார்த்தாகிவிட்டது. 2016ல் மக்கள் நலக் கூட்டணிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. காட்டுமன்னார்கோவில் 87 ஓட்டில் கைநழுவியது. விலகி நிற்பதாலேயே அது மோதல் ஆகிவிடாது. ஊருக்குள் அமைப்பு இல்லாமல் விலகி நின்றால் அது தனிமை, அவ்வளவுதான்.

இனி அனுசரித்துப் போனதின் கணக்கு. 2001ல் உதயசூரியன் சின்னத்தில் நின்று மங்களூரில் ஜெயித்தார் திருமா. 2004ல் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். சிவகாசிப் பக்கத்து ஆளுகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: உள்குத்தகை. பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குகிறவர்கள் வேறு பேர். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது இந்த உள்குத்தகையைப் பற்றி ஊரே பேசியது. வெடித்தால் சாகிறவன் இவர்கள் இரண்டு பேரிலும் சேர்த்தி இல்லை. கட்சியும் அப்படி ஆகலாமா? ஓட்டு நம்முடையது, சின்னம் அவர்களுடையது, முடிவு அவர்களுடையது, அடி மட்டும் நம்முடையது என்றால், அதற்குப் பேர் கூட்டணி இல்லை. 2019ல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 ஓட்டில் ஜெயித்ததும், 2024ல் அதே பானையில் ரெண்டு தொகுதிகளை ஜெயித்து மாநிலக் கட்சி அங்கீகாரம் வாங்கியதும் அந்த உள்குத்தகையிலிருந்து ஒரு படி வெளியே வந்ததுதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் சின்னம் கிடைத்தால் குரல் கிடைத்துவிடுமா? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் சேரிக்குத் தண்ணீர் போகிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருசம் இழுத்தடித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை கொடுத்தது, அதில் குற்றவாளிகள் என்று சொல்லப்பட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்த பக்கத்தைச் சேர்ந்த 3 பேர். அப்போது ஆண்டது கூட்டணிக் கட்சி. சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்று கட்சித் தலைமை கேட்டது. கேட்டது சரி. கேட்டது கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்று ஏன் சொல்லவில்லை? விலை சொல்லாத கோரிக்கையை எந்த ஆட்சியும் ரசீது போட்டு வாங்கி வைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் அண்ணலைப் பார்க்க வேண்டும். 1932ல் தனித் தொகுதி விசயத்தில் காந்தியாரோடு மோதி, பூனாவில் கையெழுத்துப் போட நேர்ந்தவர் அவர். வாழ்நாளெல்லாம் காங்கிரசை எதிர்த்தவர், 1947ல் நேரு மந்திரி சபைக்குள் போனார். போனவர் காங்கிரசில் சேரவில்லை. அரசியல் சட்டத்தை எழுதும் வேலையை எடுத்துக்கொண்டார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டார்கள் என்றதும் 1951 செப்டம்பரில் வெளியே வந்தார். மற்றக் காரணங்களையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த தேர்தலில் பம்பாயில் தோற்கவும் செய்தார். உள்ளே போனது சமரசமா, வெளியே வந்தது மோதலா? இரண்டும் ஒரே கொள்கையின் ரெண்டு காலடிகள். எதற்காக உள்ளே போகிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் எப்போது வெளியே வரவேண்டும் என்பதும் தெரியும்.

உத்தரப்பிரதேசமும் இதைத்தான் சொல்கிறது. 1995ல் பா.ஜ.க. ஆதரவோடு மாயாவதி முதல்வரானபோது துரோகம் என்று பலர் கத்தினார்கள். சொந்த ஓட்டும் ஊர் ஊராக அமைப்பும் இருந்ததால் 2007ல் 403க்கு 206 இடம் பிடித்துத் தனியாகவே ஆட்சிக்கு வந்தார்கள். 2022ல் அதே கட்சிக்கு ஒரு இடம். யாரோடு சேர்ந்தார்கள் என்பதை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் விளக்கிவிட முடியாது. கீழே அமைப்பு வற்றிப்போன கட்சியை எந்தக் கூட்டணியும் காப்பாற்றாது, எந்த வீரவசனமும் காப்பாற்றாது.

நான் வங்கியில் கடன் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கிறபோதே பத்திரம் எழுதி, ஜாமீன் வாங்கி, தவணை தப்பினால் என்ன நடக்கும் என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். லட்சக்கணக்கான சேரி ஓட்டுகளைக் கொடுக்கிற கட்சி, எத்தனை தொகுதி என்ற ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு வருவது என்ன நியாயம்?

எழுதவேண்டியவை இவை. ஒன்று, ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாத, கொடியேற்றவிடாத ஊர்க்காரன் கூட்டணிக் கட்சியில் பொறுப்பில் இருந்தால், அவனை அந்தக் கட்சி நீக்க வேண்டும். இரண்டு, வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவனை எந்தத் தலைவரின் நூற்றாண்டைச் சொல்லியும் வெளியே விடக்கூடாது. மூன்று, நம் பகுதிக்கென்றே ஒன்று: பட்டாசு ஆலையில் உள்குத்தகைக்கு விட்டவனும் எடுத்தவனும் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், நிவாரணக் காசோலையோடு கணக்கை முடிக்கக்கூடாது. நான்கு, இவற்றில் எது மீறப்பட்டால் கூட்டணியை விட்டு வருவோம் என்பதை முன்கூட்டியே மக்கள் முன் சொல்ல வேண்டும்.

'இதையெல்லாம் கேட்டா எவன் கூட்டணி சேர்ப்பான்?' என்பார்கள். சேர்க்காவிட்டால் அவன் யார் என்று அன்றைக்கே தெரிந்துபோகும். ஓட்டுப்போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட அது லாபம். 2006 அக்டோபரில் அந்த நாலு ஊரிலும் கடைசியில் தேர்தல் நடந்ததே, எப்படி நடந்தது? இயக்கங்கள் வருசக்கணக்காய்த் தெருவில் நின்று அரசுக்கு அவமானத்தை உண்டாக்கினார்கள். பிறகு புதிதாய் வந்த ஆட்சி இறங்கி வந்தது. அதிகாரிகள் ஊருக்குள் போய்ப் பேசினார்கள். தெருவில் நின்றவர்கள் இல்லாமல் அந்தப் பேச்சு நடந்திருக்காது. பேச்சு நடக்காமல் மனுத்தாக்கல் நடந்திருக்காது.

மாணவத் தோழர்களே, அடுத்த தேர்தலுக்கு மேடை போடும்போது தலைவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். கீழே இறங்கி, கூட்டணிக் கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: 'எங்க தெரு ஆளு ஊராட்சித் தலைவரானா, அவரு முன்னால நீங்க எந்திரிச்சு நிப்பீகளா?' அவர் சொல்கிற பதிலை எழுதிக்கொண்டு வந்து தலைமையிடம் கொடுங்கள். தொகுதிப் பங்கீட்டை அதற்கப்புறம் பேசட்டும்.