ஈ புதுசா? பேரு புதுசா?



மாம்பழத்தை வெட்டினா சில நேரம் உள்ளே வெள்ளைப் புழு நெளியுதே, அது பழ ஈயோட குஞ்சு. தாய் ஈ பழத்தோலுக்கு அடியில் முட்டை வைக்கிறது. 'பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்' என்ற இந்த ஈக்கு 1912-லேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

2003-ல் ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், ஒரு பழ ஈ கிடைத்தது. இலங்கையிலும் அதே ஈ இருந்தது. புது இனம் என்று 2005-ல் 'இன்வேடன்ஸ்' எனப் பெயரிட்டார்கள். படையெடுத்து வருவது என்று அர்த்தம்! ஆப்பிரிக்க மாம்பழத்துக்குச் சில நாடுகள் தடையே போட்டன. பிறகு உருவம், மரபணு, இனச்சேர்க்கை எல்லாம் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே ஈதான்! 2015-ல் புதுப் பெயரை நீக்கினார்கள்.

"விஞ்ஞானிகளே ஏமாந்துட்டாங்க" என்று சிலர் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். வைத்த பெயரை எல்லோர் முன்னாலும் திரும்ப எடுக்க தைரியம் வேணும். இப்போது ஆசியாவில் கண்ட வழி ஆப்பிரிக்க விவசாயிக்கும் உதவும். அங்கே கண்டது நமக்கும் உதவும். சரியான பெயர்தான் பாதி மருந்து என்பது என் கருத்து.

மீதிப் பாதி நம்ம கையில. புழு வைத்த பழத்தை மரத்தடியில் வீசாதீங்க. புழு மண்ணுக்குள் போய், ஈயாகி வெளியே வரும். பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தாம்பரம்